நிர்பா: தென்னமெரிக்கக் கடலோரத்தில் பறந்த படகுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமான வரலாறு பேசும் புத்தகங்களில் நிர்பாவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று வரிதான். பான் அமெரிக்கன் என்ற பெரிய நிறுவனம் விழுங்கிய சின்ன நிறுவனம் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோய்விடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒன்றரை வருடம்கூட முழுதாக இயங்காத இந்த நிறுவனம் கடலோரத்தில் போட்டுவைத்த பாதையில்தான் பிறகு வந்தவர்கள் பல ஆண்டுகள் பறந்தார்கள். நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளையும், நானே தேடிப் படித்தபோது எழுந்த சந்தேகங்களையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நிர்பா என்பது என்ன பெயர்?

நியூயார்க், ரியோ, புவெனஸ் அயர்ஸ் ஆகிய மூன்று நகரங்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தது. 1929 மார்ச்சில் அமெரிக்காவில் பதிவான நிறுவனம் இது. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து கரீபியன் தீவுகள் வழியாக இறங்கி, பிரேசிலின் நீண்ட கடலோரத்தைத் தொட்டுக்கொண்டே அர்ஜென்டினா வரை தபாலையும் பயணிகளையும் கொண்டுபோவதுதான் திட்டம். முதலாளிகளும் விமானங்களும் அமெரிக்காவைச் சேர்ந்தவை என்றாலும், வேலை முழுவதும் தென்னமெரிக்காவில்தான். முதலில் ஓடிய சேவையே 1929 ஆகஸ்டில் புவெனஸ் அயர்ஸுக்கும் மாண்டிவிடியோவுக்கும் இடையே, லா பிளாட்டா கழிமுகத்தின் குறுக்கே ஓடியதுதான்.

யார் தொடங்கியது?

ரால்ஃப் ஓ'நீல். 1896இல் மெக்சிகோவின் டுராங்கோவில் பிறந்து, அரிசோனாவின் எல்லையோர ஊரான நொகாலெஸில் வளர்ந்தவர். முதல் உலகப்போரில் அமெரிக்காவின் 147ஆம் விமானப் பிரிவில் சண்டை விமானியாக இருந்து 5 எதிரி விமானங்களை வீழ்த்தியவர். போர் முடிந்த பின் மெக்சிகோ விமானப்படையைக் கட்டியெழுப்ப உதவினார். அப்புறம் போயிங் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதியாகத் தென்னமெரிக்கா முழுக்கச் சுற்றினார்.

அந்தச் சுற்றுப் பயணம்தான் விதை என்று நினைக்கிறேன். ஒரு நாட்டுத் தலைநகரிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பெரும்பாலும் கப்பலையே நம்பியிருந்த காலம் அது. நியூயார்க்கிலிருந்து புவெனஸ் அயர்ஸுக்கு ஒரு கடிதம் போய்ச்சேர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். பதில் வர இன்னும் மூன்று வாரம். ஓ'நீலுக்கு ஸ்பானிஷ் நன்றாகத் தெரியும், அந்த மக்களோடு பழகத் தெரியும், விமானமும் தெரியும். இந்த மூன்றும் சேர்ந்த ஆள் அன்றைய அமெரிக்க விமானத் துறையில் அபூர்வம்.

பணம் போட்டவர்களில் முக்கியமானவர் ரெமிங்டன் ராண்ட் என்ற அலுவலக இயந்திர நிறுவனத்தின் ஜேம்ஸ் ராண்ட். விமானம் கட்டிக்கொடுத்த கன்சாலிடேட்டட் நிறுவனத்தின் தலைவர் ரூபன் ஃப்ளீட்டும் கூட்டாளி.

ஏன் பறக்கும் படகு? சாதாரண விமானம் போதாதா?

பறக்கும் படகு என்றால் தண்ணீரில் இறங்கி, தண்ணீரிலிருந்தே கிளம்பும் விமானம். சாதாரண விமானத்துக்கு இறங்க இடம் வேண்டுமே! 1929இல் பிரேசில் கடலோர ஊர்கள் பலவற்றில் விமானத்தளம் என்று ஒன்று கிடையாது. காட்டை வெட்டி, மேட்டைச் சமப்படுத்தி, மழைக்காலத்தில் சேறாகாதபடி ஒரு ஓடுதளம் போட எவ்வளவு செலவாகும் என்று பாருங்கள். அதை ஒரு ஊரில் செய்தால் போதாது, இருபது ஊரில் செய்ய வேண்டும். அதே ஊர்களில் ஆற்று முகத்துவாரமும் வளைகுடாவும் துறைமுகமும் இயற்கையாகவே இருந்தன. தண்ணீரே ஓடுதளம். கரையில் எரிபொருள் பீப்பாய்கள், ஒரு மிதவை மேடை, பயணிகளை ஏற்றி இறக்க ஒரு மோட்டார் படகு, வானொலிக் கருவியோடு ஒரு ஆள் இருந்தால் விமான நிலையம் தயார். நடுவழியில் இயந்திரம் நின்றாலும் கடலில் இறங்கி மிதக்கலாம் என்ற தைரியம் வேறு.

ஆனால் தண்ணீர் இலவசமாகக் கிடைத்ததே தவிர, எளிதாக இருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். பறக்கும் படகின் அடிவயிற்றில் படி போல ஒரு வெட்டு இருக்கும். வேகம் கூடக்கூட உடல் மேலெழுந்து, அந்தப் படியில் தண்ணீர் பிரிந்து விலகினால்தான் விமானம் கிளம்பும். அலையே இல்லாமல் கண்ணாடி போலத் தண்ணீர் கிடந்தால் அது உடலைப் பிடித்துக்கொண்டு விடாது. அப்படிப்பட்ட நாளில் மோட்டார் படகைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டிச் சிற்றலை எழுப்பிவிடுவார்கள். இறங்கும்போது அதே கண்ணாடித் தண்ணீர் இன்னும் ஆபத்தானது. மேற்பரப்பு எங்கே தொடங்குகிறது என்றே விமானியின் கண்ணுக்குப் பிடிபடாது.

பெரிய ஆறுகளின் முகத்துவாரத்தில் மிதந்துவரும் மரக்கட்டை ஒன்று போதும், அடிப்பாகம் கிழிந்துவிடும். பிரேசிலின் சாவ் லூயிஸ் துறைமுகத்தில் ஓதத்தின்போது நீர்மட்டம் 6 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். நிலையாக ஒரு மேடை கட்டினால் பாதி நாள் பயன்படாது. உப்புத் தண்ணீர் அலுமினிய உடலை அரித்துக்கொண்டே இருக்கும் என்பதால் நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்தில் கழுவிவிட வேண்டும். இத்தனையையும் ஊர் ஊராகச் சமாளித்தவர்களின் பெயர்கள் வரலாற்றில் இல்லை. நிர்பாவின் உண்மையான சாதனை வானத்தைவிடக் கரையில்தான் நடந்தது என்பது என் எண்ணம்.

பறக்கும் படகும் மிதவை விமானமும் ஒன்றா?

இல்லை. மிதவை விமானம் என்பது சக்கரத்துக்குப் பதில் இரண்டு மிதவைகள் மாட்டிய சாதாரண விமானம். கொலம்பியாவின் மக்தலேனா ஆற்றில் 1920களில் ஓடிய ஸ்காட்டா நிறுவனத்தின் யுங்கர்ஸ் விமானங்கள் அந்த வகை. பறக்கும் படகில் உடலே படகு. சக்கரமும் சேர்ந்திருந்தால் அது நீர்நில விமானம். நிர்பாவிடம் இருந்த சிகோர்ஸ்கி எஸ்-38 இந்த மூன்றாவது வகை. 1929 ஜூலையில் அப்படி ஒரு எஸ்-38இல்தான் ஓ'நீல் நியூயார்க்கிலிருந்து தெற்கே வழிபார்க்கக் கிளம்பினார்.

கமோடோர் என்ற விமானத்தை ஏன் எல்லோரும் புகழ்கிறார்கள்?

நிர்பா ஓட்டிய பறக்கும் படகு அது. அந்தக் காலத்துக்கு அவ்வளவு பெரியது, அவ்வளவு அழகானது. இறக்கையின் அகலம் 100 அடி. உடல் உலோகம், இறக்கைக்குத் துணிப் போர்வை. இறக்கைக்குக் கீழே, தண்ணீர் தெறிக்காத உயரத்தில், தலா 575 குதிரைத்திறன் கொண்ட இரண்டு ஹார்னெட் இயந்திரங்கள். குறுகிய தூரத்துக்கு 20 பேருக்கு மேல் ஏற்றலாம். நீண்ட தூரமானால் எரிபொருளுக்கு இடம்விட்டு ஆட்களைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பயணிகள் அறைகளாகப் பிரிக்கப்பட்ட உள்பகுதியில் மெத்தை இருக்கைகளில் உட்கார்ந்து போவார்கள். விமானிகளோ மூக்குப் பகுதியில் திறந்த வெளியில், காற்றிலும் மழையிலும். பிரேசில் கடலோர மழையில் மணிக்கு 170 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தைக் கொடுத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்கள்!

இதன் பூர்வகதையும் சுவையானது. கன்சாலிடேட்டட்டின் பொறியாளர் ஐசக் லேடன் இதை முதலில் அமெரிக்கக் கடற்படைக்காக வரைந்தார். மாதிரி விமானம் நன்றாகவே பறந்தது. ஆனால் உற்பத்தி ஒப்பந்தம் மார்ட்டின் என்ற வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டது. கையில் நல்ல வடிவமைப்பு, வாங்க ஆளில்லை. அந்த நேரத்தில் ஓ'நீல் வந்து நின்றார். போர் விமானமாகப் பிறந்தது பயணிகள் விமானமாக மாறியது இப்படித்தான். மொத்தம் 14 கமோடோர்கள் கட்டப்பட்டன.

முதல் கமோடோருக்குப் 'புவெனஸ் அயர்ஸ்' என்று பெயர். 1929 அக்டோபர் 2ஆம் தேதி வாஷிங்டனின் அனகோஸ்டியாவில் அமெரிக்க அதிபரின் மனைவி லூ ஹூவர் பெயர்சூட்டு விழாவை நடத்திவைத்தார். அதே மாதக் கடைசியில் நியூயார்க் பங்குச்சந்தை விழுந்தது.

மயாமியிலிருந்து புவெனஸ் அயர்ஸ் போக எத்தனை நாள்?

சுமார் ஒரு வாரம். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டால் புரியும். கடலோரமாக வளைந்து போனால் தூரம் 10,000 கிலோமீட்டருக்கும் மேல். மணிக்கு 170 கிலோமீட்டர் என்றால் வானத்தில் மட்டும் 60 மணி நேரம். இரவில் தண்ணீரில் இறங்க முடியாது, ஆகவே பகலில் மட்டும்தான் பறப்பு. எரிபொருள் போட, தபால் ஏற்றி இறக்க, ஊருக்கு ஊர் நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது பத்து மணி நேரம் பறந்தால் அதுவே அதிகம்.

1930 பிப்ரவரியில் புவெனஸ் அயர்ஸிலிருந்து வடக்கே கிளம்பிய முதல் முழுவழித் தபாலும் மயாமி சேர ஏறக்குறைய ஒரு வாரம் எடுத்துக்கொண்டது. மூன்று வாரக் கடிதம் ஒரு வாரக் கடிதமானது. அந்தப் பயணத்தின் முத்திரை குத்திய உறைகளை இன்றும் தபால்தலை சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள்.

பயணியாக இருந்தால் எப்படி இருந்திருக்கும்? விடியும் முன் எழுப்பிவிடுவார்கள். மோட்டார் படகில் விமானத்துக்குப் போய், மேலிருக்கும் திறப்பு வழியாக இறங்க வேண்டும். இயந்திரச் சத்தத்தில் பக்கத்து இருக்கைக்காரர் பேசுவது காதில் விழாது. ஆனால் விமானம் தாழப் பறப்பதால் ஜன்னலில் தெரிவதெல்லாம் கடற்கரை, தென்னை, மணல்திட்டு, மீன்பிடிப் படகு, பழுப்பு நிறமாய்க் கடலில் கலக்கும் ஆறு. சாயங்காலம் ஏதோ ஒரு ஊரில் இறங்கித் தங்கல். பெலெம், ஃபோர்ட்டலேசா, ரெசிஃபே, சால்வடோர், ரியோ என்று ஒரு நாட்டின் கரை முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் போய்ச் சேருவார்.

படகு ஆண்டீஸ் மலையைத் தாண்டியதா?

தாண்டவில்லை. புவெனஸ் அயர்ஸிலிருந்து சிலியின் சாண்டியாகோவுக்கு மூன்று இயந்திரம் கொண்ட ஃபோர்டு தரை விமானங்களை ஓட்டினார்கள். கிட்டத்தட்ட 7,000 மீட்டர் உயர அக்கோன்காகுவா பக்கத்தில் நிற்க, கணவாய் வழியாக நுழைந்து போக வேண்டிய வழி அது.

அப்போது அங்கே வேறு யாரும் பறக்கவில்லையா?

நிறையப் பேர். பிரேசில் கடலோரத்தில் பிரான்சின் ஏரோபோஸ்தால் நிறுவனம் ஏற்கெனவே தபால் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. ஜெர்மானியப் பின்புலம் கொண்ட காண்டோர் இருந்தது. தெற்கே போர்ட்டோ அலெக்ரேயில் 1927இல் தொடங்கிய வாரிக், அட்லாண்டிகோ என்ற டோர்னியர் பறக்கும் படகோடுதான் வேலையை ஆரம்பித்தது. ஆக, பிரேசிலுக்கு விமானத்தைக் கொண்டுவந்தது நிர்பா என்று சொன்னால் தவறு. இரு கண்டங்களின் கிழக்குக் கரைகளை ஒரே சங்கிலியாகக் கோத்தது நிர்பா என்று சொல்லலாம்.

உண்மையான போட்டி பான் அமெரிக்கனோடுதான். யுவான் டிரிப்பின் தலைமையில் அந்த நிறுவனம் 1927இல் ஃபுளோரிடாவின் கீ வெஸ்டிலிருந்து ஹவானாவுக்குத் தபால் கொண்டுபோய்த் தொடங்கி, வேகமாக விரிந்தது. மேற்குக் கரையை கிரேஸ் கப்பல் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து பிடித்துக்கொண்டது. கிழக்கே, 1929 செப்டம்பரில் புகழ்பெற்ற விமானி சார்லஸ் லிண்ட்பெர்கே ஓட்டிப்போய் சூரினாமின் பராமரிபோ வரை தபாலைச் சேர்த்தார். அதற்குக் கீழே பிரேசில் கடலோரம். அங்கே நிர்பா நின்றுகொண்டிருந்தது.

பயணிகள் கட்டணத்தில் நிறுவனம் ஓடவில்லையா? தபால் ஏன் இவ்வளவு முக்கியம்?

அன்று எந்த நீண்டதூர விமான நிறுவனமும் கட்டணத்தை நம்பிப் பிழைக்க முடியாது. இருபது பேரை ஏற்ற அத்தனை படகுகள், அத்தனை நிலையங்கள், அத்தனை எரிபொருள். விமானம் நிரம்பிப் போனாலும் கையைக் கடிக்கும். காப்பாற்றியது அரசுத் தபால் ஒப்பந்தம். 1928இல் அமெரிக்கா கொண்டுவந்த வெளிநாட்டு விமானத் தபால் சட்டப்படி, ஒப்பந்தம் பெற்ற நிறுவனத்துக்கு மைலுக்கு 2 டாலர் வரை கொடுக்கலாம்.

இந்தச் சட்டத்தில்தான் சூட்சுமம் இருந்தது. குறைந்த விலை கேட்பவருக்கே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பொறுப்பாக நடத்தக்கூடியவர் யார் என்று முடிவுசெய்யும் அதிகாரம் தபால்துறைத் தலைவரிடம் இருந்தது. அந்தப் பதவியில் 1929 முதல் இருந்தவர் வால்டர் பிரவுன். சின்னச் சின்ன நிறுவனங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டால் நாட்டின் விமானத் துறை வளராது, பலமான சிலவற்றை அரசு தாங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. உள்நாட்டிலும் 1930இல் அதையே செய்தார். வெளிநாட்டு வழிகளில் அவர் தாங்க விரும்பிய நிறுவனம் பான் அமெரிக்கன்.

நிர்பாவின் நிலையை இப்போது பாருங்கள். தென்னமெரிக்க அரசுகளிடம் ஓ'நீல் அலைந்து திரிந்து பெற்ற ஒப்பந்தங்கள் இருந்தன. அதாவது வடக்கே போகும் தபாலுக்குக் காசு உண்டு. தெற்கே வரும் அமெரிக்கத் தபாலுக்கு ஒப்பந்தம் இல்லை. போகும்போது சரக்கோடு போய், வரும்போது வெறும் வண்டியாகத் திரும்பும் லாரியை எவ்வளவு நாள் ஓட்ட முடியும்?

அகலக்கால் வைத்துவிட்டார்களா?

ஆமாம், அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஒப்பந்தம் கைக்கு வரும் முன்பே 14 பெரிய படகுகளுக்குச் சொல்லிவிட்டார்கள். நியூயார்க்கில் பணம் போட்டவர்களின் கை 1929 அக்டோபருக்குப் பிறகு இறுகியது. பங்குச்சந்தை விழாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு வருடம் தாக்குப்பிடித்திருக்கலாம்.

ஆனால் மெதுவாக வளர்ந்திருந்தால் பிழைத்திருக்கும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மெதுவாக வளர்ந்திருந்தால் பராமரிபோவோடு நின்றிருந்த பான் அமெரிக்கன் அதற்குள் பிரேசில் முழுக்க இறங்கியிருக்கும். முந்திப் போனதுதான் நிர்பாவிடம் இருந்த ஒரே பலம்.

அப்படியானால் பான் அமெரிக்கன் அதைப் பிடுங்கிக்கொண்டது என்று சொல்லலாமா?

சட்டப்படி அது இணைப்பு. 1930 ஆகஸ்டில் உடன்பாடு ஆனது, செப்டம்பரில் சொத்துகள் கைமாறின. நிர்பாவின் பங்குதாரர்களுக்குப் பான் அமெரிக்கன் பங்குகள் கிடைத்தன. அதற்குப் பின்னாலேயே கிழக்குக் கரைத் தபால் ஒப்பந்தமும் பான் அமெரிக்கனுக்கு வந்தது. இந்த வரிசையைக் கவனித்தாலே போதும். ஒப்பந்தம் யாருக்கு என்று தெரிந்துவிட்ட பிறகு நிர்பாவின் முதலாளிகளுக்கு விற்பதைத் தவிர வேறு கதி இல்லை.

டிரிப் திறமையான நிர்வாகி, அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் வானத்தில் நடந்த போட்டியில் நிர்பா தோற்கவில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அதன் படகுகளைப் பான் அமெரிக்கன் அப்படியே எடுத்து ஓட்டியது. ஜமைக்காவின் கிங்ஸ்டனிலிருந்து கொலம்பியாவுக்குக் கரீபியன் கடலை நேராகக் கடக்கும் வழியில் கமோடோர்களைத்தான் விட்டார்கள். 1934இல் எஸ்-42 என்ற புதிய பெரிய படகு வரும்வரை கிழக்குக் கரை வழியைத் தாங்கியதும் அவைதான்.

ஓ'நீல் விலகிவிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து, 1973இல், தன் நினைவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். 1980இல் காலமானார்.

பிரேசிலில் என்ன மிஞ்சியது?

நிர்பாவின் பெயர் போனாலும் அதன் ஒரு கிளை பெரிய மரமானது. பிரேசிலுக்குள் ஊருக்கு ஊர் பறக்க உள்நாட்டு நிறுவனம் தேவைப்பட்டதால் 1929 அக்டோபரில் நிர்பா டோ பிரசில் என்று ஒரு துணை நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1930 ஜனவரியில் அரசு அனுமதி கிடைத்தது. பான் அமெரிக்கன் கைக்குப் போனதும் அதே ஆண்டில் அதன் பெயர் பனேர் டோ பிரசில் என்று மாறியது.

பிரேசிலியர்களுக்குப் பனேர் என்ற பெயரே ஒரு தனி உணர்வு. 1933இல் அமேசான் ஆற்றின் மேலே மனாவுஸ் வரை அதன் படகுகள் போகத் தொடங்கின. பங்குகள் படிப்படியாகப் பிரேசிலியர்கள் கைக்கு வந்தன. உலகப்போருக்குப் பிறகு 1946இல் லண்டனுக்கே பறந்தது. கடைசியில் 1965 பிப்ரவரியில் ராணுவ அரசு திடீரென்று அதன் உரிமங்களைப் பறித்து, ஒரே நாளில் அத்தனை விமானங்களையும் தரையிறக்கியது. அன்று மாலை கிளம்பவிருந்த விமானம்கூடப் போகவில்லை. தாய் நிறுவனம் வாஷிங்டன் அலுவலகத்தின் முடிவால் முடிந்தது, பிள்ளை பிரேசிலியாவின் உத்தரவால் முடிந்தது. இந்த ஒற்றுமையைப் படித்த நாளிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை.

நம் பக்கத்துக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

நிர்பாவுக்கு நேரடியாக இல்லை. ஆனால் கமோடோரை வரைந்த ஐசக் லேடனுக்கு உண்டு. அவர் அதற்குப் பின் உருவாக்கியதுதான் கேட்டலினா பறக்கும் படகு. இரண்டாம் உலகப்போரில் சென்னைக்கு வடக்கே உள்ள செங்குன்றம் ஏரியில், நாம் புழல் ஏரி என்று சொல்லும் அதே ஏரியில், பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினாக்கள் மிதந்தன. அங்கிருந்து கிளம்பி வங்கக் கடலைக் காவல்காத்தன. இலங்கையில் கொக்கலை ஏரியிலும் திருகோணமலையிலும் இருந்தன. போர் முடிந்த பின் அதே வகை விமானங்களை அமேசான் ஆற்று ஊர்களுக்கு ஓட்டியது யார் தெரியுமா? பனேர் டோ பிரசில்.

இன்று போனால் பார்க்க என்ன இருக்கிறது?

மயாமியில் நிர்பாவின் படகுகள் வந்து இறங்கிய இடம் டின்னர் கீ என்ற கடலோரப் பகுதி. முதல் உலகப்போரில் கடற்படை விமானத்தளமாக இருந்த இடம். இணைப்புக்குப் பிறகு பான் அமெரிக்கன் அங்கே பெரிய நிலையம் ஒன்றைக் கட்டியது. பறக்கும் படகுகளின் காலம் முடிந்ததும் கட்டடம் நகராட்சிக்குப் போய், 1954 முதல் மயாமி நகர மன்றமாக இயங்குகிறது. மக்கள் ஏறி இறங்கும் அந்தப் படிகளுக்குப் பின்னால் இன்னமும் அதே விரிகுடா இருக்கிறது.

ரியோவில் சாண்டோஸ் டுமோன்ட் விமான நிலையத்தை ஒட்டி, 1930களின் இறுதியில் அட்டிலியோ கொரெயா லிமா வடிவமைத்த கடல் விமான நிலையக் கட்டடம் அழகாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. சுழன்று ஏறும் படிக்கட்டு, கடலைப் பார்த்த கண்ணாடிச் சுவர். பிரேசில் விமானப்படையின் வரலாற்றுக் கழகம் அதில் இயங்குகிறது. நேரம் இருந்தால் காலையில் போங்கள். அந்த நேரத்தில் குவானபாரா விரிகுடா அலையில்லாமல் கிடக்கும்.